எதிர்த்திசையில் தள்ளிய வண்டி

என் மகள் தலைப்பிரசவத்துக்கு அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். டாக்டர் குறித்துக் கொடுத்த நாள் பௌர்ணமியை ஒட்டி வந்தது. நர்சம்மா வீடு தேடி வந்து சொன்னார்: டவுன் ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகள் முன்கூட்டியே வந்து தங்க ஓர் அறை இருக்கிறது, கட்டிலும் சோறும் உண்டு, இரண்டு நாள் முன்னாலேயே கொண்டுவந்து விடுங்கள், பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் வண்டி ஓடாது என்று. இதைவிடத் தெளிவாக எவரும் சொல்ல முடியாது.

அதைக் கெடுத்தவர் சம்பந்தி, என் மகளின் மாமனார். மாதாமாதம் பௌர்ணமிக்கு எங்கள் தெருமுனையில் பந்தல் போட்டு அன்னதானம் செய்கிறவர். சாம்பார் அண்டாவைவிட அவர் படம் போட்ட பேனர் பெரிது.

"எங்க வீட்டு மருமக கண்டவங்களோட போய்ப் படுக்கணுமா? இத்தினி பேருக்குச் சோறு போடுறேன், அண்ணாமலையார் பாத்துக்க மாட்டாரா?" என்றார்.

அவர் முகம் கோணக்கூடாதென்று நானும் தலையாட்டினேன். பூம்பூம் மாட்டுக்காவது தலையாட்டினால் அரிசி கிடைக்கும்.

பௌர்ணமி சாயங்காலம் மகளுக்கு வலி கண்டது, பனிக்குடமும் உடைந்தது. பாதை முழுக்க ஜனம். ஆம்புலன்ஸ் செங்கம் ரோடு முனையில் நிற்கிறது, மேலே வர வழியில்லை என்று போன் வந்தது. என் கடைக்குத் தேங்காய் மூட்டை இழுக்கிற தள்ளுவண்டியில் மெத்தை போட்டு அவளைப் படுக்கவைத்தோம். வண்டியைத் திருப்பினால், சம்பந்தி கையில் கரண்டியோடு வந்து குறுக்கே நிற்கிறார்.

"எதிர்ப்பக்கமா போவாதீங்க சம்பந்தி. புள்ளத்தாச்சிய வச்சிக்கினு மலைய இடமா சுத்துனா பாவம். வலமாவே குபேர லிங்கம் வழியா போங்க."

அது இரண்டு பங்கு தூரம். மலையை இடமாக ஒருநாளும் நடந்தவனில்லை நான். வெட்கக்கேடு, அப்போதும் கொஞ்சம் யோசித்தேன். வண்டியிலிருந்து மகள்தான் பேசினாள்.

"அவரு வேணும்னா வலமா வரட்டும்பா. நீ தள்ளு."

தள்ளினேன். என் மனைவி முன்னால் ஓடி வழி கேட்டாள். எதிரே வந்த பக்தர்களில் நாலு பேர் திட்டினார்கள், மீதிப் பேர் ஒதுங்கினார்கள்.

செங்கம் ரோடு முனையில் ஆம்புலன்ஸில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். பேரன் பிறந்ததும் அழவில்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கையில் கொடுத்திருக்க முடியாது என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்கு நிமிர்ந்து பார்க்க முகமில்லை. மூன்று நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து, நாலாம் நாள்தான் பால் குடித்தான். அதே ஆஸ்பத்திரியில் அந்தத் தங்கும் அறையை எட்டிப் பார்த்தேன். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்த பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி சொன்ன கண்டவர்கள் இவர்கள்தான். இவர்கள் வீட்டாருக்கு இருந்த புத்தி எங்களுக்கு இல்லை.

அடுத்த பௌர்ணமிக்குப் பந்தல் பேனரில் பேரன் படமும் ஏறியது. அன்னதானப் புண்ணியத்தில் பிழைத்த குழந்தை என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சம்பந்தி சொல்லிக்கொண்டிருந்தார். நான் எப்போதும்போல் வலம் வந்தேன். அண்ணாமலையாரோடு எனக்கு வழக்கில்லை.

"சாப்ட்டுட்டு போங்க சம்பந்தி" என்று தொன்னையை நீட்டினார்.

பசிதான். வாங்காமல் நடந்தேன்.