நஸ்ரின் அக்கா ஏறிய மேலப் பாதை

சனிக்கிழமை சிறப்பு வகுப்பு முடிந்து பள்ளி வாசலுக்கு வந்தபோது பாலு அண்ணன் எதிரே நின்றிருந்தார். பகல் நேரத்தில் அவர் தன் சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு வெளியே வந்து நான் பார்த்ததில்லை. கையில் இருந்த கிரீஸைக்கூடத் துடைக்கவில்லை. "நஸ்ரின் போயிருச்சு பாப்பா" என்றார். எங்கே என்று கேட்டேன். உண்மையிலேயே அப்படித்தான் கேட்டேன். அவர் என் பையை வாங்கிக்கொண்டார். கொட்டாம்பட்டிக்கு உள்ளே, ஒரு பாறையின் உச்சியில் பாதை முடிகிற இடத்தில், பழைய கல்குவாரிப் பள்ளத்தில் அக்கா விழுந்து கிடந்ததை ஆடு மேய்க்கப் போனவர்கள் பார்த்திருக்கிறார்கள். சைக்கிளின் முன் சக்கரம் மட்டும் மேலே ஒரு முள்செடியில் மாட்டியிருந்ததாம்.

நம் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவில் அக்காவைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று பாலு அண்ணன் சொன்னார். வருகிற ஞாயிறு அக்கா போன வழியிலேயே போய், அந்தப் பாறை மேல் வைத்து எல்லாவற்றையும் வாசிப்பதாகத் திட்டம். "ஊர்க்காரங்க நடக்கிற வழிதான். நஸ்ரின்தான் வேகமாப் போயிருச்சு. நாம மெதுவாப் போவோம்" என்றார். அப்பா என் சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார், போனையும் வாங்கி வைத்துக்கொண்டார். அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு, கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். என் பங்கு ஒரு பக்கத்தில் முடியாது.

அக்கா கப்பலூரில் ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தார். வாஷர்களைப் பிரித்து வைக்கிற அதே மூன்று சொற்களைத்தான் பாதைகளுக்கும் வைத்திருந்தார்: பாஸ், ரீவொர்க், ரிஜெக்ட். கம்பெனி நோட்டைப் போலவே கட்டம் போட்ட ஒரு நோட்டு அவரிடம் இருந்தது. பாதை, தண்ணீர், நிழல், விசாரித்தவர், முடிவு என்று ஐந்து கட்டங்கள். வாரத்தில் போன் வரைபடத்தைப் பார்த்து ஒரு பாதையைக் கண்டுபிடிப்பார். அந்தப் பக்கத்து ஆட்களிடம் விசாரிப்பார். சனிக்கிழமை விடியும்போது தானே ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார். முடிவுக் கட்டத்தில் பாஸ் என்று விழுந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை நமக்குப் பயணம். ஒருமுறை மழைக்குப் பிறகு ஒரு கண்மாய்க் கரையை ரீவொர்க் என்று போட்டார். "ஏம்மா, கண்மாய் என்ன வாஷரா, திருப்பி அனுப்புறதுக்கு?" என்று பாலு அண்ணன் கேலி செய்தார். "காயட்டும்ண்ணே. காஞ்சா அதுவாப் பாஸாயிரும்" என்றார் அக்கா.

நான் குழுவில் சேர்ந்த முதல் மாதம், நாகமலை அடிவாரத்தில் ஒரு கல் பாதைக்கு எல்லோரும் ஆசையாகக் காத்திருந்தார்கள். பாலு அண்ணன் எனக்கு விற்ற பழைய சைக்கிளில் கியர் சரியாக விழவில்லை. எனக்கும் மேட்டில் மூச்சு வாங்கும். வெள்ளிக்கிழமையே அக்கா திட்டத்தை மாற்றி, வாய்க்கால் ஓரப் பாதையை எடுத்துவிட்டார். பாலு அண்ணனுக்குக் கோபம். "ஒரு பிள்ளைக்காக இம்புட்டுப் பேரும் வாய்க்கா ஓரமா உருட்டணுமா?" அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்: "பாதையப் பாத்து ஆளக் கூப்பிட மாட்டேன்ண்ணே. வர்ற ஆளப் பாத்துத்தான் பாதைய எடுப்பேன். அந்தக் கியரும் நீங்க வித்ததுதானே?" அன்று முழுவதும் பாலு அண்ணன் என் சைக்கிளின் பின்னாலேயே வந்தார், சங்கிலி கழன்றால் மாட்ட.

அந்த வாய்க்கால் பாதையில் நடுவில் ஒரு மணல் திட்டு வந்தது. என்னால் ஓட்ட முடியவில்லை. இறங்கித் தள்ளும்போது அழுகை வந்தது. அக்காவால் அந்த மணலில் ஓட்டியிருக்க முடியும். ஆனால் அவரும் இறங்கி, என் பக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்தார். "தள்ளிக்கிட்டுப் போறதும் சவாரிதான் பவி. சைக்கிள் கூடத்தானே வருது?" என்றார். அன்று அக்கா பதினோரு முறை இறங்கினார். எண்ணியிருக்கிறேன். இதை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். சந்தேகம் வந்தால் இறங்குகிறவர் அவர். பிறகு ஏன் பாறையில் இறங்கவில்லை என்று கேட்பீர்கள். அவருக்குச் சந்தேகம் வந்தது. அதைத் தீர்த்து வைத்தவள் நான்.

போன வாரம் அக்கா கொட்டாம்பட்டிப் பக்கத்தில் ஒரு பாதையைப் பார்த்தார். அது என் சித்தப்பாவின் ஊருக்கு அடுத்த ஊர். "நீதான் ஊர்க்காரி, சித்தப்பாகிட்டக் கேட்டுச் சொல்லு. இந்தத் தடவை விசாரிச்சவர் நீதான்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். "பாறைக்கிட்ட வழி பிரியும் தாயி. மேலப் பாதையில போயிருங்க. கீழப் பாதை இடிஞ்சு கெடக்கு, மாடுகூடப் போகாது" என்றார். நான் அக்காவிடம் சொன்னது இது: "மேல ஏறிப் போகணுமாம்க்கா. கீழ போனா இடிஞ்சு கெடக்காம்."

'ஏறி' என்ற சொல்லைச் சித்தப்பா சொல்லவில்லை. அதை நான் சேர்த்தேன்.

அக்கா உடனே கேட்டார். "ஏறியா? படத்துல பாறை மொட்டையாத் தெரியுதேடி. எதுக்கும் இன்னொரு தடவை கேட்டுரு." சரி என்றேன். மறுநாள் வேதியியல் தேர்வு. சித்தப்பா மறுபடி எடுத்தால் படிப்பு, சாப்பாடு, அம்மா என்று அரைமணி நேரம் பேசுவார். நான் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கேட்டுட்டேன்க்கா, மேலதான்" என்று செய்தி அனுப்பினேன்.

சனிக்கிழமைகளில் பாலு அண்ணனும் கூடப் போவார். அந்தச் சனிக்கிழமை விடியும்போது அவருக்குக் காய்ச்சல். அக்கா தனியாகப் போனார். காலையில் அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே சிரிக்கிறார். "ஏய், உங்க சித்தப்பா இந்த வழியிலயாடி மாடு பத்திட்டுப் போறாரு? செம ஆளுடி! வழுக்குது. இன்னும் கொஞ்சந்தான், வாரேன்." நான் பள்ளிக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தேன். ஒரு சிரிப்பு பொம்மையைப் பதிலாக அனுப்பினேன். மாடு அந்தப் பாறையில் ஏறாது என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை.

மறுநாள் மதியம் அக்காவைக் கோரிப்பாளையத்தில் அவர் வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். அம்மாவோடு போனேன். பெண்கள் நிறைந்திருந்த அறையில் யார் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவசரம் என்றார்கள், வீம்பு என்றார்கள், பொம்பளப் பிள்ளைக்கு மலையில் என்ன வேலை என்றார்கள். அக்காவின் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். "நீ கூடவே சுத்துன பிள்ள. நீ சொல்லும்மா. எம்மவ அம்புட்டு வீம்புக்காரியா?" என்று கேட்டார். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். பாதை தவறாக இருந்திருக்கலாம் என்று அப்போது நினைக்கக்கூட இல்லை. இருந்தாலும் ஏதோ ஒரு பயம். வீட்டுக்கு வந்ததும் அக்காவின் குரல் செய்தியை அழித்தேன்.

திங்கட்கிழமை மாலை சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, "நீ வழி கேட்டது அந்தப் பிள்ளைக்கா தாயி?" என்றார். ஆமாம் என்றேன். "நான் மேலப் பாதைன்னுதானே சொன்னேன்? அந்தப் பிள்ள எதுக்குப் பாறையில ஏறுச்சு?" அவர் கையை நீட்டினார். கை வானத்தைக் காட்டவில்லை. தெருவின் கடைசியில் இறங்கிக்கொண்டிருந்த சூரியனைக் காட்டியது. "மேலப் பாதைன்னா இந்தா, பொழுது எறங்குற பக்கம். பாறையச் சுத்திப் போற வண்டிப் பாதை. குழந்தகூடப் போகும்."

நான்கு வருடங்களாக மேலமாசி வீதிக்கு டியூஷன் போகிறேன். அந்த வீதி எந்த மேட்டிலும் இல்லை. கீழமாசி வீதி எந்தப் பள்ளத்திலும் இல்லை. மதுரையில் பிறந்த எனக்கு மேல என்றால் மேற்கு என்பது தெரியும். தெரிந்ததை அன்று நினைக்கவில்லை, அவ்வளவுதான். என் முகத்தைப் பார்த்ததும் சித்தப்பாவுக்கு விளங்கிவிட்டது. "அப்பாகிட்டச் சொல்லிராத. யார்கிட்டயும் சொல்லிராத. போலீசு அது இதுன்னு வரும்" என்றார். அவர் சொன்னதில் எந்தத் தப்பும் இல்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

நேற்று டியூஷன் போகும் வழியில் பாலு அண்ணன் கடையில் அந்த நோட்டைப் பார்த்தேன். அக்காவின் பையிலிருந்து எடுத்து அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். கடைசி வரியில் அக்காவின் சாய்ந்த எழுத்து. பாதை: மேல ஏறிப் போகும் வழி. தண்ணீர்: ஊருணி. நிழல்: இல்லை. விசாரித்தவர்: நம்ம பிள்ள. முடிவுக் கட்டம் காலி. "நம்ம பிள்ளைன்னா எந்த ஊர்ப் பயலோ, யாருன்னு தெரியல" என்றார் பாலு அண்ணன். நான் ஊக்கு வாங்க வந்தவள்போல அடுத்த கடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பெயர் எங்கும் இல்லை. குரல் செய்தியும் இல்லை. நான் பேசாமல் இருந்தால் அக்கா வீம்புக்காரியாகவே இருந்துவிடுவார். நீங்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை அந்த வழுக்குப் பாறையில் மெதுவாக ஏறுவீர்கள்.

நாளை இந்தத் தாள்களைக் கிழித்து பாலு அண்ணன் கையில் கொடுக்கப் போகிறேன். கொடுத்த பிறகு என்ன நடக்கும் என்று தெரியவில்லை. அப்பாவை நினைத்தால் பயமாக இருக்கிறது. அதைவிட, அக்காவின் அம்மா மறுபடி என் கையைப் பிடிப்பாரா என்பதை நினைத்தால் எழுத முடியவில்லை.

ஏறாதீர்கள். பாலு அண்ணே, முடிவுக் கட்டத்தில் ரிஜெக்ட் என்று நீங்களே எழுதிவிடுங்கள். அக்கா உயிரோடு திரும்பியிருந்தால் அதைத்தான் எழுதியிருப்பார். அவர் வேகமாகப் போகவில்லை. நான் சொன்னதை நம்பிப் போனார்.

அக்காவின் குரலை என் கையாலேயே அழித்துவிட்டேன். அவருடையது என்று என்னிடம் மிச்சம் இருப்பது அந்த நோட்டில் இருக்கும் இரண்டு சொற்கள் மட்டுமே. அவற்றை வைத்துக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் வேறு யாருக்கும் அவை போய்விடக் கூடாது.

நம்ம பிள்ள என்று அக்கா எழுதியது என்னைத்தான்.

பவித்ரா