நடுவில் புள்ளி வைத்த வட்டம்

பெங்களூருக்கு வந்த முதல் மாதத்தில் என்னைக் கலங்கடித்தது கேன்டீனில் ஒருவர் கேட்ட கேள்விதான். நான் வேலைக்குச் சேர்ந்திருந்த ஆராய்ச்சி நிலையத்தில் சாம்பார் ஊற்றும் பெரியவர், கரண்டியைச் சாய்த்தபடி என் முகத்தைப் பார்த்து "ஸாகா?" என்பார். போதுமா என்று கேட்கிறார். ஆனால் விருதுநகரிலிருந்து வந்து இறங்கியிருந்த என் காதில், சாகிறாயா என்று கேட்பதுபோல விழும். பதில் தெரியாமல் நிற்பேன். அவர் இன்னும் ஊற்றுவார். தட்டு வழியும். "தமிளு ஹுடுகி, சென்னாகி ஊட்டா மாடுத்தாளே" என்று பக்கத்திலிருந்தவரிடம் அவர் சொன்னதன் பொருள், கொஞ்சம் கன்னடம் வந்த பிறகுதான் புரிந்தது. தமிழ்ப் பெண் நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று மெச்சியிருக்கிறார்.

ஊரில் இருப்பவர்கள் பெங்களூரை அயலூர் என்று ஒப்புக்கொள்வதில்லை. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களை வழியனுப்பக் கூட்டமாக வருபவர்கள், எனக்கு ரயிலடியில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கித் தந்ததோடு சரி. "பக்கத்துலதான இருக்க" என்பார்கள். பக்கத்தில்தான் இருக்கிறது. கடையில், பஸ்ஸில், மருத்துவமனை வராந்தாவில் எங்கே நின்றாலும் தமிழ் காதில் விழும். அதனால் இங்கே நாம் வெளியாள் என்பது சட்டென்று உறைப்பதில்லை. எனக்கு அது உறைத்த வருடத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். பத்து வருடங்களுக்கு மேல் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு. விலங்கியல் முதுகலை முடித்த கையோடு, ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். சிறு பையன்களின் தசைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும் ஒரு பரம்பரை நோயைப் பற்றிய ஆராய்ச்சி அது. நான்கு ஐந்து வயதில் கெண்டைக்கால் பருத்து, அடிக்கடி விழுவார்கள். பத்துப் பன்னிரண்டில் நடை நின்றுவிடும். இருபதை எட்டுபவர்கள் குறைவு. நோய் வருவது ஆண் பிள்ளைகளுக்கு. அதைத் தெரியாமல் சுமப்பவர்கள் பெண்கள். சுமக்கும் பெண்ணுக்கு உடம்பில் ஒரு குறையும் தெரியாது. ஆண் பிள்ளை பிறந்தால், அவனுக்கு நோய் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. குடும்பங்களைத் தேடிப்போய்ப் பேசி, வம்ச வரைபடம் வரைந்து, ரத்தம் எடுக்க ஏற்பாடு செய்வது என் வேலை. தமிழ்க் குடும்பங்களெல்லாம் என் பங்குக்கு வந்தன. அந்தப் படத்தில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் இருந்தால் உள்ளே கறுப்பு அடிக்க வேண்டும். இறந்திருந்தால் குறுக்கே ஒரு கோடு. நோயைச் சுமக்கும் பெண்ணுக்கு வட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி.

ஏழுமலையின் வீடு பீன்யாவில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளில் ஒன்று. லேத் பட்டறையில் வேலை. ஆரணிப் பக்கத்திலிருந்து இருபது வருடங்களுக்கு முன்பு வந்தவர். மூத்த மகன் ஏற்கெனவே இறந்திருந்தான். இளையவன் சேகருக்குப் பதின்மூன்று வயது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு பெண், கலாவதி. பெங்களூரிலேயே பிறந்தவள். பதினேழு வயது. வீட்டில் தமிழும் வாசலைத் தாண்டினால் கன்னடமுமாக வளர்ந்தவள்.

சேகரின் ரத்தத்துக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. மகளுக்கும் எடுக்க வேண்டும் என்றதும் தாய் பச்சையம்மாள் எழுந்துவிட்டார்.

"அவளுக்கு இன்னாத்துக்கு? அவ நல்லாத்தானே கீறா?"

"நல்லாத்தாம்மா இருக்கா. நாளைக்குக் கல்யாணமாகி ஆம்பளப் பிள்ள பொறந்தா இந்த நோய் வருமான்னு முன்னாடியே தெரிஞ்சுக்கலாம்ல?"

"தெரிஞ்சி? எவன் கட்டிக்கினு போவான்?"

"யாருக்கும் சொல்ல மாட்டோம். ரிசல்ட் வந்ததும் நானே நேர்ல வந்து உங்ககிட்ட மட்டும் சொல்றேன்."

கலாதான் முடிவு செய்தாள். தாவணியை இழுத்து இடுப்பில் சொருகிவிட்டுக் கையை நீட்டினாள். "எடுங்கக்கா. எனக்குத் தெரிஞ்சாவணும். எத்தினி நாளாவும்?"

"ரெண்டு மாசம்" என்றேன். அப்படிச் சொல்லும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்தில் தாய், மகள், மகன் மூவரின் ரத்தமும் கிடைத்தால் எங்கள் ஆராய்ச்சிக்குப் பெரிய பலம். அது வேண்டும் என்ற ஆசையில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

எட்டு மாதங்கள் ஆயின. கலா நோயைச் சுமக்கிறாள் என்று தெரிந்தது. எங்கள் பேராசிரியர் மைசூர்க்காரர், பேச்சில் நிதானமானவர். மறுபடியும் சோதிக்கச் சொன்னார். மறுபடியும் அதே முடிவு. "தாமதிக்காமல் போய்ச் சொல்லிவிடு. வேண்டுமானால் டாக்டரையும் அழைத்துக்கொண்டு போ" என்றார். ஆகவே, இதில் நான் பழிபோடுவதற்கு யாருமில்லை.

தீபாவளி வந்தது. பண்டிகை நேரத்தில் வேண்டாம் என்று தள்ளிப்போட்டேன். பண்டிகை கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பீன்யாவுக்கு பஸ் ஏறினேன். அவர்கள் தெருமுனையை அடைந்தபோது எதிரே கலா வந்துகொண்டிருந்தாள். தோழிகள் இருவரோடு, டைப்ரைட்டிங் வகுப்பிலிருந்து. எதற்கோ சிரித்து, சிரிப்பை அடக்க முடியாமல் ஒருத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஒரு பெட்டிக்கடையின் ஓரமாக ஒதுங்கிக்கொண்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பி வந்துவிட்டேன். அடுத்த வாரமும் ஏதோ காரணம். அதற்கடுத்த வாரமும்.

டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தது. என் விடுதி அறைத் தோழி ஷோபா ஹாசன்காரி. என் சான்றிதழ்ப் பையைத் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். "ரோட்டில் யார் என்ன கேட்டாலும் நீ வாயைத் திறக்காதே, நான் பேசுகிறேன்" என்றாள். மூன்று நாட்கள் அறைக்குள்ளேயே இருந்தேன். எங்கோ டயர் எரியும் வாடை ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது. ஊரிலிருந்து அப்பா விடுதிக்குப் போன் செய்தபோது, சுற்றிலும் ஆட்கள் இருந்ததால் அவரிடம் ஆங்கிலத்தில் பேசினேன். மறுமுனையில் அவர் எதுவும் புரியாமல் "என்னம்மா? என்னம்மா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஓய்ந்த பிறகு பீன்யாவுக்குப் போனேன். அந்த லைனில் நான்கு வீடுகளின் கூரை ஷீட்டுகள் நொறுங்கிக் கிடந்தன. ஏழுமலையின் வீட்டுக் கதவு இல்லை. உள்சுவர் கரியாக இருந்தது; சேகர் சாய்ந்து உட்காரும் இடத்தில் மட்டும் தலை பட்டுப் பட்டு ஏறிய எண்ணெய்க் கறை கறுப்பிலும் தெரிந்தது. பக்கத்து வீட்டு அம்மா என் முகத்தைப் பார்க்காமல், "ஹோதரு. எல்லரூ ஹோதரு" என்றார். போய்விட்டார்கள், எல்லோரும் போய்விட்டார்கள். நடக்க முடியாத பையனை அந்த நேரத்தில் எப்படித் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று கேட்க வாய் வரவில்லை.

பட்டறையில் கேட்டேன். ஏழுமலை வரவில்லை, வேறு ஆள் போட்டாகிவிட்டது என்றார்கள். ஆரணிக்கு இரண்டு முறை போனேன். கிராமத்தின் பெயரை வரைபடத்தில் எழுதி வைக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. யாருக்கு எத்தனை மாமா, எத்தனை சித்தி என்பதையெல்லாம் கேட்டிருந்த நான், எந்த ஊர் என்று கேட்கவில்லை. ஆரணியைச் சுற்றி எத்தனையோ ஏழுமலைகள். தேநீர்க் கடைகளில் விசாரித்துவிட்டுத் திரும்பினேன்.

கட்டுரை ஒரு வெளிநாட்டு ஆய்விதழில் வந்தது. ஆசிரியர் வரிசையில் என் பெயர் நான்காவது. விருதுநகரில் அப்பா அதை வருவோர் போவோருக்கெல்லாம் காட்டினாராம். அதை வைத்துத்தான் எனக்கு முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்தது. கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில் அவர்கள் குடும்பம் இருந்தது. ஒரு குறுக்குக்கோடு போட்ட கறுப்புச் சதுரம், ஒரு கறுப்புச் சதுரம், இரண்டுக்கும் நடுவில் புள்ளி வைத்த வட்டம்.

அந்தக் காலத்தில் ஒரு கட்டுரையின் பிரதி வேண்டுமென்றால் அஞ்சலட்டை போட்டுக் கேட்பார்கள். எங்களுக்கும் வந்தன. போலந்து, பிரேசில், ஜப்பான். பூவும் பறவையும் அச்சிட்ட தபால் தலைகள். பிரதிகளை உறையில் போட்டு அனுப்புவது என் பொறுப்பு. ஒவ்வோர் உறையை ஒட்டும்போதும் கை நிற்கும். பெயர் தெரியாத ஊர்களில், பெயர் தெரியாத மனிதர்கள், கலாவைப் பற்றித் தெரிந்துகொள்ளப் போகிறார்கள். அவளுக்கு மட்டும் தெரியாது. பஸ்ஸில் இருபது வயதுப் பெண் யாராவது கழுத்தில் புதுத் தாலியோடு ஏறினால் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். கைக்குழந்தையோடு ஏறினால், ஆணா பெண்ணா என்று எட்டிப் பார்ப்பேன். சில வருடங்களில் இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. ஷோபாவின் மகனுக்குப் பெயர் சூட்டும் விழாவில்கூட, தொட்டிலில் கிடந்த குழந்தையின் கெண்டைக்காலைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு பெங்களூரிலேயே ஒரு மருத்துவமனையில் மரபுநோய் ஆலோசகராக இருந்தேன். ஒரு காலை, அடுகோடியிலிருந்து கணவனும் மனைவியும் மகனை அழைத்து வந்தார்கள். கணவன் மஞ்சுநாத்துக்கு வெல்டிங் வேலை. பையனுக்கு ஆறு வயது, அடிக்கடி விழுகிறான். தரையிலிருந்து எழச் சொன்னேன். தன் தொடையிலேயே கையை ஊன்றி, தன் மீது தானே ஏறுவதுபோல எழுந்தான். அதைப் பார்த்த பிறகு பரிசோதனை எதுவும் தேவைப்படவில்லை. மனைவி மூன்று மாதக் கர்ப்பம்.

கன்னடத்தில்தான் பேசிக்கொண்டிருந்தோம். வெள்ளைத்தாளை எடுத்து வரைபடம் போட ஆரம்பித்தேன். உங்களுக்கு அண்ணன் தம்பி உண்டா என்றேன். "இப்பரு இத்ரு. இப்பரூ இல்லா ஈக" என்றாள். இருவர் இருந்தார்கள், இப்போது இருவருமே இல்லை. அண்ணன் ஒருவன், தம்பி ஒருவன், நடுவில் அவள். என் கை ஒரு சதுரம் போட்டது. ஒரு வட்டம் போட்டது. இன்னொரு சதுரம் போட்டது. இந்தப் படத்தை இதற்குமுன் எத்தனை முறை உறையில் போட்டு ஒட்டியிருக்கிறேன் என்று கைக்குத்தான் முதலில் தெரிந்தது. தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தேன்.

மஞ்சுநாத்தைப் பதிவுச் சீட்டு வாங்கிவர அனுப்பினேன். பையனும் அவனோடு போனான். பிறகு தமிழில் கேட்டேன். "நீ ஏழுமலை பொண்ணா?"

அவள் முதலில் கதவைத்தான் பார்த்தாள். பிறகு என்னை. "அக்கா" என்றாள்.

கலவரத்துக்குப் பிறகு ஆரணிக்குப் போனார்கள். இரண்டாம் வருடம் சேகர் போய்விட்டான். அப்பா மறுபடி லேத்தைத் தொடவே இல்லை. கலா மட்டும் பெங்களூருக்குத் திரும்பி, ஓசூர் சாலையில் கார்மென்ட்ஸ் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே பழகித் திருமணம். எல்லாம் சொல்லி முடித்து அவள் கேட்டாள்:

"அன்னிக்கி எடுத்தீங்களே ரத்தம், அது ரிசல்ட் வந்துச்சா?"

வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் அலமாரியில் இருந்த கட்டுரைப் பிரதியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். தீபாவளியைச் சொன்னேன். பெட்டிக்கடையின் ஓரம் ஒதுங்கியதைச் சொன்னேன். அவள் படத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இதுல நான் எது?"

காட்டினேன்.

"எம் பேரு எங்க?"

"பேர் போட மாட்டாங்க."

"உங்க பேரு?"

முதல் பக்கத்தில் நான்காவதாக இருந்ததைக் காட்டினேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊர் ஒலகமெல்லாம் படிச்சிருக்கு. எனக்குத்தான் தெரில" என்றாள். குரலை உயர்த்தவில்லை. பிறகு புடவையைச் சரிசெய்துகொண்டு, "இப்போ வயித்துல கீறதுக்கு இன்னா பண்ணணும், சொல்லுங்க மேடம்" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னை அக்கா என்று அழைக்கவில்லை.

ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் மரபணுவின் எந்தத் துண்டு விடுபட்டிருக்கிறது என்பது பழைய ஆராய்ச்சியால் எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதனால் கருவின் சோதனை விரைவாக முடிந்தது. முடிவு கைக்கு வந்த அதே மதியம், மருத்துவமனைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பாமல், ஆட்டோ பிடித்து அடுகோடிக்குப் போனேன்.

வெல்டிங் பட்டறைக்கு மேலே மாடி வீடு. மாமியார் கதவைத் திறந்தார். கலா சமையலறையிலிருந்து வந்து, என் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றாள். தமிழில் சொன்னேன்: "இந்தப் பிள்ளைக்கு அந்த நோய் இல்ல." ஆணா பெண்ணா என்று சட்டப்படி நான் சொல்லக்கூடாது, அவளும் கேட்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மாமியார் பயந்துபோய் என்னைப் பார்த்தார். கீழேயிருந்து ஓடிவந்த மஞ்சுநாத்துக்கும் அவருக்கும் அதையே கன்னடத்தில் சொன்னேன். கன்னடத்தில் சொன்னபோது என் குரல் திடமாக இருந்தது. தமிழில் அது எப்படி இருந்தது என்று எனக்கு நினைவில்லை.

அவள் என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. காபி கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் மகன் சுவரைப் பிடித்தபடி மெல்ல நடந்து வந்து அவள் மடியில் சாய்ந்துகொண்டு, யார் இவர் என்று கேட்டான்.

"நம்மூரோரு" என்றாள் கலா. நம் ஊர்க்காரர்.

"யாவ ஊரு?" என்றான் பையன், என்னைப் பார்த்து. எந்த ஊர்.

பெங்களூரில் பிறந்தவள் "ஆரணி" என்றாள். விருதுநகரில் பிறந்த நான் அதே நொடியில் "பெங்களூரு" என்றேன். பையன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.