சோளகத்துக்கு அடைத்த குசினி

சோளகக் காற்றுத் தொடங்கியதும் புங்குடுதீவில் குசினி யன்னல்களைப் பலகை வைத்து அடைத்துவிடுவோம். இல்லாவிட்டால் அடுப்பு நின்று எரியாது. காஸ் அடுப்பு வந்த பிறகு இன்னும் இறுக்கமாக அடைக்கிறோம்.

என் அக்கா வெளிநாட்டில் வாயுக்கள் வெடிப்பதைப் பற்றி ஆராய்கிறாள். நீண்ட இரும்புக் குழாய்க்குள் வாயுவையும் காற்றையும் கலந்து பொறி வைப்பாளாம். மெல்லத் தொடங்கும் நெருப்பு, தடைகளில் மோதி மோதி வேகம் பிடித்து, கடைசியில் சத்தத்தையே முந்திவிடுமாம்.

"வெடி படிக்கவோ அவ்வளவு தூரம் போனனீ? இஞ்சை சண்டைக்குள்ள எங்களுக்குச் சும்மாவே காட்டினவங்கள்" என்று அவளைச் சீண்டுவேன். சிரிப்பாள்.

போன ஆடியில் லீவில் வந்திருந்தாள். ஒரு பின்னேரம் இருவரும் கோயிலால் திரும்பி, குசினிப் பக்கத்து விறாந்தையில் ஏறினோம். காஸ் மணம் மூக்கில் அடித்தது. உள்ளே என் மனைவி தேநீர் வைக்கப் போயிருந்தாள். அவளுக்கோ கடும் தடிமன், ஒரு மணமும் தெரியாது. குசினி இருட்டாக இருந்ததால் என் கை தானாகச் சுவிச்சுக்குப் போனது. அக்கா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாதை."

மனைவி நெருப்புக்குச்சியைக் கையில் எடுத்துவிட்டாள். நான் கத்த வாய் திறந்தேன். கத்தியிருந்தால் திடுக்கிட்டு உரசியிருப்பாள். அக்கா என்னை முந்திக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கதை சொல்வதுபோலப் பேசினாள்.

"மச்சாள், அதை உரசாமல் இஞ்சாலை வாரும். ஒரு அலுவல் இருக்கு."

குச்சியோடு வெளியே வந்தாள் மனைவி. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அக்கா வீட்டைச் சுற்றிப் போய்ப் பின்கதவைத் திறந்தாள். "இந்தக் காஸ் காற்றை விடப் பாரம். நிலத்தோட படுத்திருக்கும். சோளகம் கூட்டிக்கொண்டு போகட்டும்." மணம் குறைந்த பிறகு தானே உள்ளே போய்ச் சிலிண்டரின் திருகைப் பூட்டினாள். எனக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

"குழாயில மாதிரிச் சத்தத்தை முந்தியிருக்குமோ?" என்று மனைவி கேட்டாள்.

"இல்லை, குசினிக்குள்ள அந்த வேகம் வராது. அடைச்ச அறையில சும்மா எரிஞ்சாலே காணும், சுவரைத் தள்ளிப்போடும்."

சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தாள். மனைவியின் கையைப் பிடித்தவள் விடவில்லை.

"அங்கை எத்தினையோ தரம் கொளுத்தினனான்" என்றாள். "ஒருநாளும் உள்ளுக்கு ஆள் நிண்டதில்லை."