ஹெர்பர்ட்டின் டர்ன்

மானிட்டர் வாங்கிய வகையில் கில்பர்ட், ஹெர்பர்ட்டுக்கு ஆயிரம் ரூபாய் பாக்கி வைத்திருந்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன், யார் தயவுமின்றி ரிச்சர்ட்ஸ் டவுனில் கம்ப்யூட்டர் கேம் கடை வைத்த சூரன், 1997இல் இந்த ஒரு கடனுக்குத்தான் பயந்தான்.

"மாசக் கடைசிக்குள்ள துட்டு வரலன்னா கம்ப்யூட்டர தூக்கினு போயிடுவேன் மச்சான்," என்றான் ஹெர்பர்ட். சர்ச் செஸ் போட்டிகளில் அவன்தான் சாம்பியன்.

"தூக்கறதுக்கு முன்னாடி ஒரு ஆட்டம் ஆடேன். இதுலயும் படை, கோட்டைதான்."

ஹெர்பர்ட் ஒரு வீரனை நகர்த்திவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தான். பக்கத்துக் கம்ப்யூட்டரில் கில்பர்ட் தங்கம் வெட்டினான், படை திரட்டினான், ஹெர்பர்ட்டின் கோட்டையைக் கொளுத்தினான்.

"டேய், என் டர்ன் எப்படா வரும்?"

"டர்னா? அதெல்லாம் பழைய கேம்ல, மச்சான். இப்ப வந்திருக்கிற இந்த மாதிரி கேம்ல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஆடணும். நீ குந்தினே இருந்தா நான் என்ன செய்ய?"

சாம்பியனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தினமும் கில்பர்ட் கடையிலேயே மணிக்கு முப்பது ரூபாய் கொடுத்து ஆடிப் பழகினான்.

மாதக் கடைசியில் ஹெர்பர்ட் கடனைக் கேட்டுக் கையை நீட்டினான். அவன் கொடுத்த நோட்டுகளையே ஒவ்வொன்றாக அந்தக் கையில் எண்ணி வைத்தான் கில்பர்ட்.