உலைக்குத் தப்பிய சைக்கிள்

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் இருந்தார். வெளிநாடுகளிலிருந்து கன்டெய்னரில் வந்து இறங்கும் பழைய இரும்பைப் பிரித்து உலைக்கு அனுப்புவது வேலை. ஒருநாள் அந்தக் குவியலில் ஒரு சைக்கிள் பிரேம் கிடந்திருக்கிறது. ஹேண்டில் பாரும், பெடலும், பின்சக்கரத்தின் நடு உருளையான ஹப்பும் அதோடேயே ஒட்டிக்கொண்டிருந்தன. சூப்பர்வைசரிடம் கேட்டு, கேட் பாஸ் வாங்கி, ரயிலில் ஏற்றி ஆரம்பாக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த எனக்காக.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா வாசலிலேயே மறித்தார்.

"எவன் ஊட்டு வண்டியோ இது. எந்த ஊரு சாமான்னு தெரியாம உள்ள வரக்கூடாது மச்சான்."

மாமா கேட் பாஸை நீட்டினார். அதில் 'இரும்பு' என்று மட்டும் இருந்தது. இரும்புக்கு எதற்குப் பெடல் என்று நைனா கேட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் அதன் பூர்வீகம் தெரியாவிட்டால், திங்கட்கிழமை அது உலைக்கே போய்விட வேண்டும் என்று தீர்ப்பானது.

எங்கள் தெருவில் சைக்கிள் இல்லாத பையன்கள் இரண்டே பேர். இன்னொருவன் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தான்.

கனமாக இருப்பதால் ஜப்பான் என்றார் மாமா. அதே காரணத்துக்காக மிலிட்டரி என்றாள் அம்மா. நான் புளியும் மணலும் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். ஹேண்டில் பாருக்குக் கீழே ஒரு தகடு வெளியே வந்தது. அதில் எழுத்துகள். ஆனால் ஆர் அந்தப் பக்கம் திரும்பி நின்றது. 'என்' எழுத்தும் அப்படியே. இங்கிலீஷில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்குகிறவன் என்ற தகுதியில், தகட்டைத் திருப்பி அச்சடித்துவிட்டார்கள் என்று அறிவித்தேன். அம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து காட்டினேன். ஆர் சரியானது, மற்றதெல்லாம் கெட்டுப்போனது.

"ஆர் எழுதத் தெரியாதவன் பண்ண வண்டி," என்றார் நைனா. "டூப்ளிகேட்டு."

ஞாயிறு சாயங்காலம், ரஷ்யாவில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த பக்கத்துத் தெரு அக்கா, லீவில் வந்தவர், அம்மாவைப் பார்க்க வந்தார். நான் தகட்டோடு போராடுவதைப் பார்த்துவிட்டுக் குனிந்து, தினத்தந்தி படிப்பதுபோல அதைப் படித்தார்.

"இது ரஷ்யா எழுத்து. சோவியத் காலத்து வண்டி. எங்க ஹாஸ்டல் வாட்ச்மேன் இப்பவும் இதைத்தான் ஓட்டிக்கினு இருக்காரு. கைல பிரேக் கிடையாது. பெடலைப் பின்னால மிதிச்சா நின்னுடும்."

இதில் முதல் பாதியைக் கேட்டதுமே நைனா எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டுக்கு ரஷ்யாவிலிருந்து சைக்கிள் வந்திருக்கும் செய்தியை ஊருக்குச் சொல்ல வேண்டாமா? அம்மா காபி போட உள்ளே போயிருந்தாள். நின்று முழுதாகக் கேட்டவர் மாமா ஒருவர்தான். நான் ஆடிக்கொண்டிருந்தேன்.

மாமா கும்மிடிப்பூண்டியில் சக்கரம், சீட்டு, செயின் எல்லாம் போட்டு, அங்கிருந்து அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். அம்மா பொட்டு வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். முதல் சவாரி எனக்கென்று நினைத்தேன். நைனா வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்.

வேகம் பிடித்ததும் மிதிப்பதை நிறுத்தி, பெடலைச் சும்மா பின்பக்கமாகச் சுற்றிக் கிர்ரென்று சத்தம் எழுப்புவது எங்கள் பக்கத்து ஆண்களின் கம்பீரம். நைனா அதில் கைதேர்ந்தவர், அதாவது கால்தேர்ந்தவர். டீக்கடைக்கு நேராக வந்ததும் கம்பீரமாகச் சுற்றினார்.

சைக்கிள் நின்றது. நைனா நிற்கவில்லை. எதிரே உழுது வைத்திருந்த சேற்றில் போய்ச் சேர்ந்தார்.

கடையே எழுந்து நின்று சிரித்தது. அதில் பெரிய சிரிப்பு என்னுடையது. நைனா எழுந்து வந்தார். முகத்தில் இருந்த சேற்றையும் மீறி அவர் முகம் தெரிந்தது.

"நாளைக்கே கொண்டுபோய் உலையில போடு."

என் சிரிப்பு பாதியில் அறுந்தது. மாமா சைக்கிளை நிமிர்த்தினார்.

"இருங்க மாமா. இன்னா கோளாறுன்னு நான் பாக்கறேன்," என்று ஏறி ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்தார். டீக்கடைக்கு நேராக வந்ததும் பெடலைப் பின்னால் சுற்றினார். நைனா விழுந்த இடத்தையும் தாண்டி, இன்னும் உள்ளே போய் விழுந்தார். கொஞ்ச நேரம் தலையே தெரியவில்லை.

நைனாவின் உதடு துடித்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்தே விட்டார்.

"நீ எனக்குக் காட்ட வந்துட்டியாடா மச்சான்? வா, வந்து குந்து. டீ குடி."

உலைப் பேச்சு அதோடு போயிற்று. பத்தாவது முடியும்வரை அந்த சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போனேன். கேட்கிறவர்களிடமெல்லாம் என் மாமாவின் மக்குத்தனத்தைச் சொல்வேன்: கண்ணெதிரே ஒருத்தர் விழுந்ததைப் பார்த்தும், அதே இடத்தில், அதே மாதிரி விழுந்த மனுஷன் என்று. பக்கத்தில் இருந்தால் மாமாவும் தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பார். கும்மிடிப்பூண்டியிலிருந்து லாரிகளுக்கு நடுவே அவ்வளவு தூரம் விழாமல் ஓட்டி வந்தவர், எங்கள் டீக்கடைக்கு முன்னால் மட்டும் எப்படி விழுந்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.