காட்டுப் பக்கம் போகாத புகை

தடுப்பூசிப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் கிபாமே கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வாள். மூடியைக் காட்டுப் பக்கமாகச் சாய்த்து, ஐஸிலிருந்து கிளம்பும் வெண்புகையை மரங்களுக்குள் போகவிடுவாள். "போ, போ. இங்க உனக்கு ஆள் இல்ல" என்பாள். அப்புறம்தான் குழந்தைகளைக் கூப்பிடுவாள். செத்தவர்கள் குளிராகத்தான் திரும்பி வருவார்கள் என்பது அந்த மலையின் நம்பிக்கை. ஊசி போடப் பழகிய இடத்தில் அவளுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. அவளும் அந்த மலைக்காரி.

பீசினே மட்டும் இப்போதெல்லாம் பெட்டியின் கிட்டேயே வருவதில்லை. அவளுடைய மூத்த பிள்ளை ஊசி போட்ட மறுவாரம் செத்துப்போனது. நெஞ்சுச்சளி என்றார்கள். அவள் நம்பவில்லை.

பக்கத்துப் பள்ளத்தாக்கில் தட்டம்மை வந்ததும் கிபாமே அவள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"ஒண்ணத் தின்னாச்சு அந்தப் பெட்டி. இன்னும் பசியா அதுக்கு?"

"பசி எனக்குத்தான்டி. கிழங்கு சுட்டு வெச்சிருக்கியா?"

பீசினேவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிழங்கைத் தின்றுகொண்டே கிபாமே தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டிருந்த தன் நூல் பையைக் கழற்றி உத்தரத்தில் மாட்டினாள். அங்கே ஒரு பெண் தன் பையைப் பிறர் வீட்டில் விடுவது உயிரையே விட்டுவைப்பது மாதிரி.

"இது ஈடு. ரெண்டாவது ஊசியும் போட்டுட்டு எடுத்துக்கிறேன். புள்ளைக்கு ஏதாச்சும் ஆனா அடுப்புல போட்டுரு."

சின்னவள் லெயானே முதல் ஊசிக்கு ஊரைக் கூட்டி அழுதாள். மறுநாள் பன்றிக்குட்டியைத் துரத்திக்கொண்டு ஓடினாள்.

அடுத்த ஊசியோடு வரும் வழியில் ஆறு கிபாமேயைக் கொண்டுபோயிற்று. பெட்டி கரை ஒதுங்கியது. உடல் கிடைக்கவில்லை.

அவளுக்குப் பதிலாக வந்தவன் அதே பெட்டியைக் கூட்டத்தின் நடுவில் வைத்துத் திறந்தான். புகை தரையோடு ஊர்ந்து வந்து லெயானேயின் கணுக்காலைச் சுற்றிக்கொண்டது.

"காட்டுப் பக்கம் திருப்பி வைய்யா!" என்று பீசினே கத்தினாள்.

"வெறும் குளிரும்மா. பேயா வரப்போவுது?"

பீசினே மகளை வாரித் தூக்கினாள். "அவ தர வேண்டிய ஊசி. அவளே வந்து தரட்டும்."

அன்று மாலை கீழ்வீட்டுக் குழந்தைக்கு முகமெல்லாம் அம்மை சிவந்து தடித்திருந்தது. பீசினே ஓடி வந்து கதவைச் சாத்தினாள். வெளியே மழையில்லை, காற்றுமில்லை. உத்தரத்தில் கிபாமேயின் பை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அதன் அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது, தொட்டால் ஐஸ்.

லெயானே அதன் கீழே போய் நின்று, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, காத்திருந்தாள்.