மாதா கோவிலுக்குப் போன மதில்

நெடுந்தீவில் எல்லா வீட்டு வளவுக்கும் கல்மதில்தான். சாந்து கிடையாது, கடற்கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டால் நிற்கும். அப்படி நின்ற மதில்களுக்குள் உயரமும் அகலமும் கூடியது மாக்கிறேற்றின் மதில்.

மாக்கிறேற் எனக்கு மச்சாள். என் தாயின் ஒன்றுவிட்ட தமையன் சவிரிமுத்துவின் கடைசி மகள். புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு, அந்த மதிலின் காற்று மறைப்பில் கத்தரியும் மிளகாயும் வைத்து, கிணற்றில் அள்ளி இறைத்து, இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்தவள். மதிலுக்கு மறுபக்கம் அவளுடைய தமையன் பத்திநாதரும் அவருடைய ஆடுகளும். அந்த மதிலை எல்லையாக்கித் தாயின் வளவைப் பிரித்த நாளிலிருந்து அண்ணனும் தங்கச்சியும் கதைப்பதில்லை. “மதில் நிக்கட்டும். எனக்கு அண்ணையும் வேண்டாம், ஆடும் வேண்டாம்” என்பாள்.

அறுபத்து மூன்றாம் ஆண்டு மாதா திருநாளில் ஒரு வெடி ஓலைப் பந்தலில் விழுந்தது. தென்மேற்கிலிருந்து அடித்த சோளகக் காற்று அதைக் கோவில் கூரைக்குக் கொண்டுபோனது. கூரை முழுக்கப் பனமரம். விழுந்து எரிந்ததில் பீடத்துக்குப் பின்சுவர் வெந்துவிட்டது. கடற்கல் வெந்தால் சுண்ணாம்பு. முதல் மழைக்கே கரைந்து விழும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கூரைக்கு வைரம் கூடிய பெண்பனை என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. சுவருக்குத்தான் இழுபறி. சிலர் சீமெந்து என்றார்கள். அது வள்ளத்தில் வரும்போதே கடல் தண்ணீர் அடித்து, மூட்டையோடு மூட்டையாக இறுகிப்போய் இறங்கியது. இறங்குதுறையில் கனகாலம் அதில்தான் ஆட்கள் குந்தியிருந்து வெற்றிலை போட்டார்கள். கடலில் புதிதாகக் கல்லுக் கிண்டலாம் என்றார்கள். அது உப்புக் குடித்த கல். இரண்டு மாரி நனைந்தால்தான் சாந்து பிடிக்கும். அவ்வளவு காலம் மாதாவைப் பள்ளிக்கூட விறாந்தையில் வைத்திருக்க முடியாது. மிஞ்சியது வளவு மதில். தலைமுறை தலைமுறையாக மழை கழுவிய கல்.

வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். ஆனால் சுவரின் மூலைக்குப் பெருங்கல் வேண்டும். அது மாக்கிறேற்றின் மதிலில் மட்டும்தான் இருந்தது. பங்குச் சுவாமி அம்புறோஸ் அவளிடம் போனார்.

“மாக்கிறேற், நான் ஏன் வந்தனான் எண்டு தெரியுமோ?”

“ஓம் சுவாமி. ஞாயிறு பிரசங்கம் வைக்கேக்கை என்னையே பாத்தியள். அப்பவே விளங்கிற்றுது.”

“பிறகென்ன?”

“மதில் போனா, மத்தியானத்துக்குள்ளை அவரின்ரை ஆடு என்ரை கத்தரியைத் திண்டுபோடும். அதுக்குப் பிறகு என்ரை பிள்ளையளுக்கு ஆர் சோறு போடுறது?”

“கேக்கிறது என்ரை வேலை. தாறதும் விடுறதும் உன்ரை விருப்பம்” என்று சொல்லிவிட்டுச் சுவாமி எழுந்து போனார்.

பின்னேரம் அவளே எரிந்த கோவிலுக்குப் போனாள். சுவரில் விரலை வைத்து அழுத்தினாள். மா மாதிரி உதிர்ந்தது. புருஷனின் உடல் கரை சேரவே இல்லை. வெறும் பெட்டியை வைத்துப் பூசை செய்தது அந்தச் சுவருக்கு முன்னால்தான். அவளுக்கு அவனுடைய சவக்காலையும் அதுதான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நேரே சுவாமியின் அறைவீட்டுக்குப் போய், “கல்லை எடுங்கோ” என்றாள்.

ஆனால் அது எல்லை மதில். எல்லைக் கல்லை ஒருத்தர் தனியத் தொட்டால் எங்கள் ஊரில் அது களவு. முதற்கல்லை இரண்டு வளவுக்காரரும் சேர்ந்து பிடித்துத் தூக்க வேண்டும். பத்திநாதரைக் கூப்பிட்டார்கள். வந்தார். தங்கச்சியைப் பார்க்காமல் சுவாமியைப் பார்த்தார்.

“சுவாமி, இது என்ரை அப்பு அடுக்கின மதிலெண்டு அவவுக்கு நினைப்பிருக்கோ எண்டு கேளுங்கோ.”

“எனக்கும் அதே அப்புதான் எண்டு சொல்லுங்கோ சுவாமி.”

“குடுக்கமாட்டன் எண்டு நான் சொல்லேல்லை. ஆட்டைக் கட்டிவைக்க மட்டும் என்னாலை ஏலாது.”

“கயிறு நான் திரிச்சுத் தாறன் எண்டு சொல்லுங்கோ.”

“நான் இஞ்சை பூசை வைக்க வந்தனானோ, தபால் காவ வந்தனானோ?” என்றார் சுவாமி. “ரெண்டுபேரும் கல்லைப் பிடியுங்கோ!”

பிடித்தார்கள். பாரமான கல். பத்திநாதரின் கை வழுகியது.

“எடியே, காலை எடு!”

“என்ரை காலை நான் பாப்பன். நீங்கள் உங்கடை பக்கத்தைத் தூக்குங்கோ அண்ணை!”

கல் வண்டிலில் ஏறியது. பிறகு மதில் முழுவதும் ஏறியது.

மதில் நின்ற இடத்தில் பனைமட்டை வேலி அடைத்தாள். பத்திநாதரின் ஆடுகள் அதை ஒரு கிழமைகூட மதிக்கவில்லை. கத்தரி முழுக்கப் போனது. அவள் போட்ட சத்தம் கடற்கரைவரை கேட்டது. பத்திநாதரும் விடாமல் திருப்பிச் சத்தம் போட்டார். போட்டுக்கொண்டே எங்கேயோ போய்க் கத்தரி நாற்று வாங்கிவந்து, குனிந்து வரிசையாக நட்டார். “கிட்டக்கிட்ட நடாதேங்கோ, ஆடு வளத்தவருக்குத் தோட்டம் தெரியுமோ?” என்று அவள் அவருடைய தலைக்குமேல் நின்றாள். அதன்பிறகு அந்த இரண்டு வளவிலும் சண்டையில்லாத நாளே இல்லை. தண்ணீர் மட்டும் இரண்டு பேராக இறைத்தார்கள்.

அடுத்த ஆண்டு மார்கழியில் பெரும் புயல் வந்தது. ஓலை வீடுகள் பறந்தன. சனமெல்லாம் கோவிலுக்குள் ஓடினோம். எல்லோருக்கும் கடைசியாக மாக்கிறேற் நனைந்துகொண்டு வந்தாள். பிள்ளைகள் இரண்டும் முன்னால். பின்னால் அவள் திரித்த கயிற்றில் பத்திநாதரின் ஆடுகள், அவற்றைத் தள்ளிக்கொண்டு பத்திநாதர்.

“கோவிலுக்குள்ளை ஆடோ?” என்று ஒருவர் முகம் சுளித்தார்.

“என்ரை மதில் நிக்கிற இடத்திலை அண்ணையின்ரை ஆடும் நிக்கலாம்” என்றாள்.

போய் மூலைக்கல்லில் முதுகைச் சாய்த்துக்கொண்டு இருந்தாள். வெளியே காற்று பனைகளை முறித்துக்கொண்டிருந்தது. அவளுடைய சுவரில் ஒரு கல்லும் அசையவில்லை.